அவரவர் கோப்பை: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம், திருமண வரவேற்பில் மது பரிமாறலாமா என்று கேட்டிருந்த வாசகருக்குப் பதில் எழுதுகையில், பேச்சு வழக்கைப் போலவே குடிக்கும் வழக்கமும் ஊருக்கு ஊர் மாறும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. குடிப்பவர்கள், குடியாதவர்கள், குடிப்பவர்களோடு வாழ நேர்ந்தவர்கள் என எல்லாத் தரப்பினரும் எழுதியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

ஜெர்மனியில் கொலோன் நகரில் பணிபுரியும் மகனைப் பார்க்கச் சென்றிருந்தோம். அங்கே ஒரு பியர் விடுதியில் என் கணவர் ஒரு சிறிய கோப்பை பியர் கேட்டார். அது காலியானதும், கேட்காமலேயே அடுத்தது வந்தது, பிறகு இன்னொன்று. ஐந்தாவது வந்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர் என்று ஏமாற்றினார்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஏமாற்றவில்லை, அம்மா. அந்த ஊரில் 'போதும்' என்பதை வாயால் சொல்வதில்லை. கோப்பைக்கு அடியில் வைத்திருக்கும் அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவிட வேண்டும். நம் பந்தியில் பரிமாறுபவரிடம் இலைக்கு மேலே கையை நீட்டி மறிக்கிறோமே, அதற்கு நிகரானது அது. மறிக்காதவர் இலையில் சோறு விழுந்துகொண்டே இருப்பதைப் போல, மூடாதவர் முன்னால் பியர் வந்துகொண்டே இருக்கும். பரிமாறுபவரை அவ்வூரில் 'கோபெஸ்' என்று அழைப்பார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் அந்த அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, கடைசியில் கோடுகளை எண்ணிக் கணக்குச் சொல்வார்.

கோப்பை ஏன் அவ்வளவு சிறியது என்பதற்கும் காரணம் உண்டு. உங்கள் கணவர் அருந்திய 'கொல்ஷ்' என்னும் வெளிர்நிறப் பியர் ஊற்றிய சிறிது நேரத்திலேயே நுரை அடங்கிச் சப்பென்று ஆகிவிடும் தன்மையது. ஆகவே 200 மில்லி கொள்ளும் மெல்லிய நெட்டைக் கோப்பையில், புதிது புதிதாகக் கொடுக்கிறார்கள். அதே நாட்டின் தென்கோடியில் உள்ள மியூனிக் நகரத்துக்குப் போனால் ஒரு லிட்டர் கோப்பையை இரு கையாலும் தூக்க வேண்டியிருக்கும். கொலோனிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் டுசல்டார்ஃபில் குடிப்பது 'ஆல்ட்' என்னும் செம்பழுப்புப் பியர். ஓர் ஊரில் உட்கார்ந்து மற்றோர் ஊரின் பியரைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை அறிய விரும்புவோர், திருநெல்வேலிக் கடையொன்றில் நின்றுகொண்டு வேறு ஊர் அல்வாவைப் புகழ்ந்து பார்க்கலாம்.

அலுவலகப் பணியாகச் சியோலுக்கும் அங்கிருந்து டோக்கியோவுக்கும் செல்ல இருக்கிறேன். நான் குடிப்பதில்லை. இரவு விருந்தில் மறுத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களா? (வாசகர், சென்னை)

மறுப்பதை இக்காலத்தில் பெரும்பாலோர் அவமதிப்பாகக் கொள்வதில்லை. மறுக்கும் விதத்தைத்தான் கவனிப்பார்கள். கொரியாவில் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வது அழகன்று. இளையவர் மூத்தவருக்கு ஊற்ற வேண்டும். ஊற்றும்போதும் பெறும்போதும் இரு கைகளும் பட வேண்டும். மூத்தவர் முன்னிலையில் குடிக்கும்போது முகத்தைச் சற்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். நம் கிராமத்துத் திண்ணையில் பெரியவர் வருவதைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பெரியவருக்குத் தெரியாது என்பதற்காக மறைப்பதில்லை. தெரிந்திருந்தும் காட்டக் கூடாது என்பதே அதிலுள்ள மரியாதை. கொரியர் முகம் திருப்புவதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கொரியாவில் கோப்பை முற்றிலும் காலியான பிறகே மறுபடி ஊற்றுவார்கள். மீதமிருக்கும் கோப்பையில் மேலும் ஊற்றுவது இறந்தவர்க்குப் படைக்கும் சடங்கின் முறை என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஜப்பானிலோ கோப்பை சிறிது குறைந்தாலே பக்கத்திலிருப்பவர் நிரப்பிவிடுவார். எனவே இரண்டு ஊர்களிலும் உங்களுக்கு வழி ஒன்றே: முதல் முறை ஊற்றுவதை இரு கையாலும் ஏற்று, உதட்டில் வைத்து எடுத்து, நிறைந்த கோப்பையை நிறைந்தபடியே விட்டுவிடுங்கள். பிறகு குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நீங்கள் ஊற்றுங்கள். குடிப்பவரைவிட ஊற்றுபவருக்கே அந்த மேசையில் நல்ல பெயர் கிடைக்கும். அங்கேயே பலருக்கு மது ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கிழக்கு ஆசியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளை விரைவாக வெளியேற்றும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதால், ஒரு கோப்பைக்கே முகம் சிவந்துவிடும். 'உடம்புக்கு ஆகாது' என்ற சொல்லை அவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. சீனத்தில் 'கன்பெய்', கொரியாவில் 'கொன்பே', ஜப்பானில் 'கன்பாய்' என்று கோப்பையை உயர்த்திச் சொல்வது ஒரே சொல்தான். 'கோப்பையை வற்றச் செய்' என்பது பொருள். சீன விருந்தில் அதைச் சொன்னபடியே செய்து, கவிழ்த்தும் காட்டுவார்கள். அதிலிருப்பது சில வேளைகளில் மதுச்செறிவு 50 சதவீதத்தையும் தாண்டிய பைஜியு என்னும் தானியச் சாராயம். ஜப்பானில் அதே சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்துக் கீழே வைத்துவிடுவார்கள். சொல்லை நம்பி டோக்கியோவில் கோப்பையைக் கவிழ்த்துவிட வேண்டாம்.

கோப்பைகளை மோதிக்கொள்வது, விஷம் கலக்கவில்லை என்று காட்டுவதற்காகத்தான் தொடங்கியதாமே? (வாசகர், மதுரை)

அது நன்றாகச் சொல்லப்படும் ஒரு கதை. சான்று எதுவும் கிடையாது. மோதாமல் இருப்பதற்குக் கதை வைத்திருப்பவர்களும் உண்டு. ஆஸ்திரியாவுக்கு எதிரான ஹங்கேரிய எழுச்சி தோற்றபின், 1849 அக்டோபர் 6 அன்று 13 தளபதிகள் அராத் நகரில் கொல்லப்பட்டபோது ஆஸ்திரியர்கள் பியர்க் கோப்பைகளை மோதிக் கொண்டாடினார்கள் என்று சொல்லி, ஹங்கேரியர்களில் பலர் இன்றும் பியரை மோதிக் குடிப்பதில்லை. ஒயினுக்கு அந்தத் தடை கிடையாது.

விஸ்கியில் தண்ணீர் கலப்பது அதை அவமானப்படுத்துவது என்கிறார் என் நண்பர். நானோ தண்ணீர் இல்லாமல் தொடவே மாட்டேன். எது முறை? (வாசகர், நாகர்கோவில்)

விஸ்கியின் தாயகம் தங்கள் நாடே என்று ஸ்காட்லாந்தியரும் அயர்லாந்தியரும் சண்டையிட்டுக்கொள்வார்கள். ஆனால் இரு நாட்டிலும் கடைக்காரர் சிறு குடுவையில் தண்ணீர் வைப்பார். பல பீப்பாய்களின் விஸ்கியை முகர்ந்து பார்த்துக் கலவையைத் தீர்மானிக்கும் வல்லுநர்கள், மதுச்செறிவு 20 சதவீத அளவுக்கு இறங்கும்வரை தண்ணீர் சேர்த்துத்தான் மணம் பார்க்கிறார்கள். புகைமணம் தரும் குயாயக்கோல் என்னும் சேர்மம், செறிவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினிக் கணக்கீட்டால் காட்டினார்கள். ஆகவே உங்கள் தண்ணீர் மணத்தைக் கொல்லவில்லை, மூக்கருகே கொண்டுவருகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'பெரிய பெக்' என்பது 60 மில்லி. ஸ்காட்லாந்து மதுக்கூடத்தில் ஒரு அளவு என்பது 25 அல்லது 35 மில்லிதான். 42.8 சதவீதச் செறிவுள்ள 60 மில்லியில் இரு மடங்கு தண்ணீர் சேர்த்தால் அது ஏறக்குறைய 14 சதவீதம் ஆகிறது. அதாவது ஓர் ஒயினின் செறிவு. சாப்பிட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே அருந்தத் தோதான செறிவு அதுதான் என்பதை நம்மவர்கள் யாரும் கற்றுக்கொடுக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதோடு, நம் கடைகளில் விற்கும் மலிவான விஸ்கியில் பெரும்பங்கு கரும்பாலையின் மொலாசஸிலிருந்து வடித்தெடுக்கப்படுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதற்கு விஸ்கி என்ற பெயரே செல்லாது. அதில் தண்ணீரோ சோடாவோ கோலாவோ ஊற்றுவதால் கெடுவதற்கு எதுவும் இல்லை. 'ராவாக அடிப்பதை' ஆண்மையின் அடையாளமாகக் கொள்ளும் உங்கள் நண்பர் தம் நாக்கை வைத்து ஒன்றும் சோதித்துவிடவில்லை, தொண்டையைத்தான் சோதிக்கிறார்.

வெளிநாட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பை ஒயினை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். எங்கள் தெருக்கோடியில் கடைக்கு வந்தவர் நின்றபடியே ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு போகிறார். நம்மவர்களுக்கு நிதானமே கிடையாதா? (வாசகி, சேலம்)

நிதானத்தை ஓர் இனத்தின் குணமாகக் கருதாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-இல், ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்கள் மதுக்கூடங்களை மாலை ஆறு மணிக்கே மூட உத்தரவிட்டன. நியூசிலாந்து 1917-இல் பின்பற்றியது. ஐந்து மணிக்கு வேலை முடித்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். நாற்காலிகளும் மேசைகளும் இடத்தை அடைத்தன என்று அகற்றப்பட்டன. கழுவிவிட வசதியாகச் சுவர்களில் ஓடு பதிக்கப்பட்டது. தோளோடு தோள் நெருக்கி நின்று, அடித்துப்பிடித்து வாங்கி, ஆறு அடிப்பதற்குள் எத்தனை உள்ளே போகுமோ அத்தனையையும் இறக்கினார்கள். பன்றிக்கு ஊற்றும் கழுநீரோடு ஒப்பிட்டு அந்த வழக்கத்துக்குப் பெயரும் வைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் அது 1955-இல்தான் முடிந்தது; விக்டோரியாவில் 1966 வரையிலும், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1967 வரையிலும் நீடித்தது. குடியைக் குறைக்கக் கொண்டுவந்த விதி, குடிக்கும் வேகத்தைக் கூட்டிவிட்டது.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் ஆட்சியில், உங்கள் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971-இல் தளர்வு, 1974-இல் மறுபடி தடை. மூன்று தலைமுறைக்கு மேலாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த கதவின் இடுக்கில் குடித்துப் பழகிய சமூகம் இது. ஒளித்துக் குடிப்பவன் மெதுவாகக் குடிக்க மாட்டான். 180 மில்லிக் குப்பியைத் திறந்தவருக்கு அதை மூடி வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. மனைவியும் பிள்ளைகளும் பார்க்கக் கூடாது. உட்காரவும் இடமில்லை. பிறகு நின்றபடியே முடிக்காமல் என்ன செய்வார்? அவருடைய செயலை நான் நியாயப்படுத்தவில்லை; அந்தக் குடும்பத்தின் பட்டினியும் அடியும் நான் அறியாதவை அல்ல. ஆனால் அவருடைய வேகத்துக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

மேசையில் ஒயின் வைத்திருப்பவர்களையும் அளவுக்கு மீறி மதித்துவிட வேண்டாம். பிரான்சில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவோடு ஒயின் கொடுப்பதை நிறுத்தியதே 1956-இல்தான். நாளெல்லாம் நிதானமாகக் குடித்தே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் அந்நாட்டில் ஏராளம். இப்போது அவர்கள் அருந்தும் ஒயின், 1960-களில் அருந்தியதில் பாதிகூட இல்லை.

எவ்வளவு குடித்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை? (வாசகர், திருச்சி)

தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்துவிட்டது. சுவையையும் வழக்கத்தையும் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக இதை மறைப்பது சரியாகாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் வசிக்கிறேன். இங்கே போத்தலில் அடைத்த கள் கிடைக்கிறது. வாங்கிக் குடித்தால் அது கள்ளாகவே இல்லை. என் நாக்கு மாறிவிட்டதா, அல்லது நினைவுதான் ஏமாற்றுகிறதா? (வாசகர், டொரன்டோ)

உங்கள் நாக்கு நன்றாகவே இருக்கிறது, ஐயா. கள் என்பது செய்து முடித்த பொருள் அன்று. நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றம். பாளையைச் சீவிக் கலயம் கட்டியதுமே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. அதிகாலையில் இறக்கியது இனிப்பும் இளநுரையுமாக இருக்கும். மாலையில் புளிப்பும் காரமும் ஏறியிருக்கும். மறுநாள் அது காடியின் பக்கம் சாய்ந்துவிடும். போத்தலில் அடைக்க வேண்டுமானால் சூடேற்றி அந்த உயிர்களைக் கொல்ல வேண்டும். அப்படிக் கொன்றபின் உங்களுக்குக் கிடைப்பது ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் புகைப்படம் மட்டுமே. கோப்பையையும் மறந்துவிடாதீர்கள்: நீங்கள் பனையோலைப் பிளாவில் குடித்தவர், பச்சை ஓலையின் மணமும் அந்தச் சுவையில் பாதி.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால் புளிப்பது தடைப்பட்டு, அதே சாறு பதநீராக நின்றுவிடுகிறது. என் சொந்த விருப்பம் எது என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறுவதற்கு முன், திருச்செந்தூர்ச் சாலையோரத்தில், ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீரில் நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். கள்ளும் குடித்திருக்கிறேன், ஆனால் அதற்கு இப்போது நான் எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, 42.8 சதவீதச் சாராய வகைகளுக்கு அரசே கடை நடத்துகிறது. ஒரே நாளில் காடியாகிவிடும், சேமித்து வைக்க முடியாத, சில சதவீதமே மதுவுள்ள ஒன்றை விலக்கிவிட்டு, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கக்கூடிய வன்மதுவை வைத்துக்கொண்ட ஏற்பாடு எனக்கு விளங்கியதே இல்லை. கேரளத்துக் கள்ளுக்கடைகளில் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்குக்கும் மீன்கறிக்குமாகவே வருபவர்கள் உண்டு. உணவு அங்கே குடியைக் கட்டிப் பிடித்துவைக்கிறது.

சங்கப் பாடல்களில் மது வரும் இடங்களை எங்கள் ஆசிரியர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நம் முன்னோர் வெளிநாட்டு ஒயினும் குடித்தார்கள் என்பது உண்மையா? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

உண்மைதான். புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறலை' மகளிர் பொற்கலத்தில் ஊட்ட மகிழ்ந்திருப்பாயாக என்கிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவை ஒயினும் எண்ணெயும் கொண்டுவரும் கலங்கள். ஒயினை அனுப்பிய அந்த யவனர்களில் கிரேக்கர்கள், தண்ணீர் கலக்காமல் குடிப்பதை நாகரிகம் அறியாதவர் செயல் என்று இகழ்ந்தவர்கள். இந்தச் செய்தியை நாகர்கோவில் வாசகர் தம் நண்பரிடம் சேர்ப்பிக்கலாம்.

ஆனால் அது அரண்மனைக் கதை. எனக்குப் பிடித்தது வீட்டில் வடித்த கள். பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கள் செய்யும் முறையையே விரித்துச் சொல்கிறது: அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்வரை சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். வகுப்பில் கடந்து செல்லப்படும் அந்த வரிகளில் பியரின் அடிப்படைத் தொழில்நுட்பம் முழுவதும் இருக்கிறது. கள், தேறல், நறவு, தோப்பி, பிழி, மட்டு என்று இத்தனை சொற்களை வைத்திருந்தவர்கள், ஒன்றிலிருந்து ஒன்றை நாவால் பிரித்தறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235-ஆம் பாடலையும் படியுங்கள். கள் சிறிதளவே கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு சேர்ந்து மகிழ்ந்து உண்பான் என்கிறார். பரிமாறும் மேசையொழுங்குகளைப் பற்றி உலகில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தால் விருந்தினருக்கு, நிறைந்தால் எல்லாருக்கும் என்ற இந்த ஒழுங்குக்கு மேல் நான் ஒன்றும் படித்ததில்லை. அந்தப் புலவர் ஒரு பெண் என்பதையும், அவர் அதியமானோடு சமமாக அமர்ந்து குடித்திருக்கிறார் என்பதையும் உங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டிருந்தால், நீங்கள் கேளுங்கள்.

'சியர்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? (வாசகர், பினாங்கு)

ஜெர்மானியர் சொல்லும் 'ப்ரோஸ்ட்', 'நன்மை பயக்கட்டும்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் சொல்வது உடல்நலத்தை, எபிரேயத்தில் உயிர்வாழ்வை. ஜார்ஜிய நாட்டில் ஒரு சொல் போதாது. 'தமதா' என்னும் ஒருவரைத் தலைவராக அமர்த்தி, அவர் தாய்நாட்டுக்கும் பெற்றோருக்கும் இறந்துபோனவர்களுக்கும் என்று நீண்ட உரைகள் ஆற்றியபின்தான் ஒவ்வொரு கோப்பையும் காலியாகும். தமிழில் 'நலம்' என்று சொல்லலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சொல்லிப் பார்த்தேன், மருத்துவமனையில் நிற்பது போல் இருந்தது.

நம்மிடம் சொல் இல்லை, செய்கை இருக்கிறது. முதல் மிடறுக்கு முன் கோப்பையில் விரலை நனைத்து, இரண்டு மூன்று துளிகளைத் தரையில் தெளித்துவிட்டுக் குடிப்பவர்களைத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் பார்க்கலாம். அதே ஔவையார், 232-ஆம் பாடலில், நடுகல்லாகிவிட்ட அதியமானுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்களே, நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்தை ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். தெளிப்பவரிடம் யாருக்காக என்று நான் ஒருமுறை கேட்டேன். "சும்மா, பழக்கம்" என்றார்.